திருச்சித் தண்ணீரில் பருப்பு வெந்தது

புதுக்கோட்டை

அன்பு மகள் சோபியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே நான் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நீயும் உன் தம்பி ராபினும் மாறி மாறி என் வாயை அடைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், முழுதும் படி. புதுக்கோட்டைத் தண்ணீர் உப்பு, அதனால்தான் அப்பாவுக்குக் கிட்னியில் கல் வந்தது, வீட்டைப் பூட்டிவிட்டுத் திருச்சியில் ராபினோடு இருக்கட்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தாயிற்று. டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணி நெறையக் குடிங்கய்யா என்று மட்டும்தான் சொன்னார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். இறுக்கமாக மூடுகிற பாட்டில் வேறு அகப்படாமல், வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா உருவப் பாட்டிலில் பிடித்தது என் தப்பு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ராபின் மாமியார் அதைத் தீர்த்தம் என்று எண்ணி ஒரு அறை விடாமல் தெளித்து, பேரன் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டார். இப்பத்தான் நெஞ்சுக்கு எதமா இருக்குங்க சம்பந்தி என்றார். நம் குழாய்க்கு இப்படி ஒரு மரியாதையா என்று நானும் வாயைத் திறக்கவில்லை. மிச்சத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பு, அவர்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி, ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம் வைத்தேன். நாலு விசிலில் அவர்களுடையது மசிந்துவிட்டது, நம்முடையது முழுசு முழுசாக நின்றது. சோப்பும் அங்கேதான் நுரைக்கிறது. காவிரித் தண்ணீர்தான் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன். ராபின் கைதட்டினான்.

ஆனாலும் நான் வரமாட்டேன். அந்த நல்ல தண்ணீரை மூன்று நாளில் ஒரு தடவைகூட நானாக எடுத்துக் குடிக்கவில்லை. எழுந்தால் போதும், நீங்க எதுக்கு மாமா எந்திரிக்கிறீங்க, ஒக்காருங்க, நான் கொண்டாறேன் என்று மருமகள் ஷெரின் ஓடி வருவாள். தங்கமான பெண், ஒரு குறை சொல்லமாட்டேன். அவளை எத்தனை தடவை ஓடவைப்பது என்று கூச்சப்பட்டுத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல் வர அது போதாதா? இங்கே குடிக்கக் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன், பருப்பை ஊறவைத்து வேகவைக்கிறேன், நினைத்தபோது எழுந்துபோய் மொண்டு குடிக்கிறேன். உன் அம்மா போனபின் ஐந்து வருடமாக என்னை நானே பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

நேற்றுக் காலை ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. அடுத்த மாதம் வாடகைக்கு வர வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம், ராபின் அனுப்பினானாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை சோபியா. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து, வீடு காலியில்லைங்க, இங்க ஆள் குடியிருக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் மூவரையும் மாதா கைவிடாமல் காக்கட்டும். டூட்டியில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. இதை ராபினுக்கும் அனுப்பு.

இப்படிக்கு,
புதுக்கோட்டை வீட்டில் குடியிருக்கும் உன் அப்பா,
சந்தனசாமி