மானியப் பட்டியலில் அவர் பெயர்

மாமா,

பக்கத்துத் தோட்டத்தில் கோவாப் பயிர் போடுகிறவர்கள் இன்று காலை தண்ணீர் மோட்டாரை முடுக்கினார்கள். டீசல் புகை என் குசினி வரைக்கும் வந்தது. நுவரெலியாக் குளிரில் நின்றவளுக்கு வளைகுடாவின் புஜைரா வெயில் முதுகில் அடித்தது. நீங்கள் கண்ணை மூடிவிட்டதாக உங்கள் அண்ணன் மகள் போனில் சொல்லி ஆறு மாதமாகிறது. ஆனாலும் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மாவை அங்கே 'மாமா' என்று கூப்பிட வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊர் மாமாவுக்கு மீசை இருக்கும். உங்களைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. உங்கள் கணவர் மீன் பிடிக்கப் போய், படகு மட்டும் கரை ஒதுங்கியிருந்தது. அவருடைய நீள அங்கிகளை வாரந்தவறாமல் துவைக்கக் கொடுப்பீர்கள். யாரும் போடாத துணியை அலசிக் காயப்போடுவேன்.

பேரீச்சந்தோட்டம் அவர் பெயரில் இருந்தது. அரசாங்கம் எந்த விவசாயிக்கு எவ்வளவு மானியம் கொடுத்தது என்று பருவந்தோறும் அலுவலகச் சுவரில் ஊரறிய ஒட்டுவார்கள். மற்றவர்கள் தொகையைப் பார்க்க வந்தார்கள், நீங்கள் பெயரைப் பார்க்க வந்தீர்கள். உங்களுக்கும் அரபி எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. மோட்டார் பார்க்கிற ராமநாதபுரத்து காசிம் அண்ணன் மதரசாவில் ஓதியவர், அவர்தான் வரியில் விரல் வைத்து வாசிப்பார்.

"இருக்கார் மாமா."

"அரசாங்கமே அவரை உயிரோட வச்சிருக்கு, பிந்த்" என்று என் தோளைத் தட்டுவீர்கள். பிந்த் என்றால் பெண்ணே என்று அர்த்தம். என் பெயரை நீங்கள் கேட்டதே இல்லை.

ஊரறிய ஒட்டினால் ஊர் பார்க்கத்தானே செய்யும்? காணாமல் போனவருக்கு எப்படி மானியம் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அவர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லித் தோட்டத்தை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அதுவரை பணம் நிறுத்தம். அந்தக் கோடையில் பார்த்து மோட்டாரும் உடைந்தது. அவர் கையால் நட்ட மரங்களில் ஓலை காய்ந்து தொங்கியது.

"தங்கச்சி, நீ பக்குவமா எடுத்துச் சொல்லு. இன்னும் ஒரு மாசம் போனா ஒரு மரம் மிஞ்சாது" என்றார் காசிம் அண்ணன். சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பல நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒரு காலையில் "யல்லா, பிந்த்" என்று கிளம்பினீர்கள். கோர்ட்டிலிருந்து வெளியே வந்து, "கலாஸ், முடிஞ்சுபோச்சு. என் வாயாலேயே சொல்லிட்டேன்" என்றீர்கள். வீட்டுக்குள்ளேயே புருஷனுக்குத் துக்கம் காத்து இத்தா இருந்தீர்கள். புது மோட்டார் வந்தது, மரங்கள் துளிர்த்தன. மோட்டார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள்.

அடுத்த பட்டியலில் அவர் வரியில் உங்கள் பெயர் வந்தது. வாசித்த காசிம் அண்ணனிடம், "அவர்?" என்று கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இருக்கார் மாமா."

திரும்பும்போது என்னிடம் மெல்ல, "வேற என்னத்த சொல்லச் சொல்றே தங்கச்சி? அல்லா மன்னிப்பான்" என்றார். அதன்பின் பருவந்தோறும் அதே கேள்வி, அதே பதில்.

காசிம் அண்ணன் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனதும் என் முறை வந்தது. சுவரில் எது எந்தப் பெயர் என்று எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, "இதோ இருக்கார் மாமா" என்றேன்.

நீங்கள் என் விரலைப் பிடித்தீர்கள். "கொஞ்சம் மேலே, பிந்த்" என்று நகர்த்தி வேறொரு வரியில் அழுத்தினீர்கள். "அவர் இடம் இது. இப்போ அதுல நான் இருக்கேன்."

எல்லாம் தெரிந்தேதான் அத்தனை பருவமும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் விரலை எடுக்கப் பார்த்தேன், நீங்கள் விடவில்லை. இன்னும் விடவில்லை, மாமா.