யாரும் கேட்காத சீட்டு

என் நெஞ்சை விட்டுப் போகாத உமா தாத்தாவுக்கு,

நீங்க உயிரோட இருந்த வரைக்கும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல்ல சரோஜா அப்பா, பேத்தி பிறந்த பிறகு உமா தாத்தா. இப்பவும் அப்படித்தான் வருது. அஞ்சாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. நாலு பேர் பார்க்கட்டும்னே எழுதுறேன். அதுக்குக் காரணம் இருக்கு, சொல்றேன்.

அலுத்துப் போச்சுங்க. மாரண்டஹள்ளியில கல்யாணச் சாமான் வாடகைக்கு விடுற நம்ம கடையை மூணு வருஷமா நான்தான் பார்க்கிறேன். அண்டா, பெட்ரோமாக்ஸ், மைக் செட், எல்லாம் நீங்க வெச்ச இடத்திலேயே இருக்கு. கடைப் பையன் மாது வண்டியில ஏத்துறான், நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பார்க்கிறேன். எதோட எது போகணும்கிறது முழுக்க உங்க தலைக்குள்ள இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில எழுதி வெச்சிருக்கக் கூடாதா?

உமா சேதி சொல்றேன். ஓசூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்யணும்னு எழுதிக் கொடுக்கிறதே நம்ம பேத்திதான். பாலக்கோடு பஸ்ஸில பக்கத்துல உட்கார்றவங்க கேட்கலைன்னாலும் இதைச் சொல்லாம நான் இறங்குறதில்லை.

அவங்க மில்லுக்காரங்களுக்கு எழுதி விக்கிறது ஒரே புரோகிராம்தானாம், ஆனா இருபது துண்டு. ஆள் வந்ததைக் குறிக்க ஒண்ணு, சரக்கு இருப்புக்கு ஒண்ணு, தேதி பார்க்க ஒண்ணு, காகிதத்தில அடிச்சுக் கொடுக்க ஒண்ணு. இருபதையும் சேர்த்துப் போட்டா சின்ன மில்லுக்காரங்க கம்ப்யூட்டர் மெஷின் தாங்காதாம். அதனால வேணுங்கிறதை மட்டும் எடுத்துக்குங்கன்னு பிளாப்பிங்கிற சின்னத் தட்டுல துண்டு துண்டாப் போட்டுக் கொடுத்தாங்க. காது குத்துக்கு வர்றவங்க பந்தலை விட்டுட்டு ரெண்டு அண்டா மட்டும் எடுத்துட்டுப் போறாங்களே, அந்த மாதிரி.

ஒரு மில்லில ஆள் குறிக்கிறதை மட்டும் எடுத்திருக்காங்க. அதுக்குத் தேதித் துண்டும் வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மெஷின் அப்படியே நின்னுடுச்சு. கம்பெனிப் பெரியவர் இவளைக் கூப்பிட்டு, "எந்தத் துண்டுக்கு எது துணைன்னு திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் கொடும்மா. வாங்குறவங்க அதைப் பார்த்துத் தாங்களே சேர்த்துக்கணும். இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா நீ எழுதுற வேலையை விட்டுட்டு பிளாப்பி காப்பி பண்ணு, போதும்"னு சொல்லிட்டாராம்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தப்போ அவ முகத்தில களையே இல்லை. ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி இருபது சீட்டு பண்ணி, தமிழ்ல பேர் எழுதித் தரையில பரப்பினா. எதுக்கு எது துணைன்னு தான் எழுதின பட்டியலையும் தமிழ்லயே என் கையில கொடுத்தா.

"ஆயா, நீதான் மில்லுக்காரி. இந்தப் பட்டியலைப் பார்த்து எடு."

"எனக்கு என்னடி தெரியும்?"

"தெரியாதவங்கதான் வேணும். தெரிஞ்சவங்க எல்லாரும் ஆபீசில இருக்காங்க."

"மில்லுக்காரிக்குக் காப்பி கீப்பி ஏதாவது உண்டா?"

அப்பத்தான் சிரிச்சா.

காப்பி வந்தது. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். ஆள் குறிக்கிறது வேணும். பட்டியல் தேதியைக் கேட்டது, எடுத்தேன். சரக்கு வேணும், அது அடிச்சுக் கொடுக்கிறதைக் கேட்டது, அடிச்சுக் கொடுக்கிறது இன்னொண்ணைக் கேட்டது. ஒரு மில்லு, ரெண்டு மில்லுன்னு ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து வெச்சேன். இடுப்பு விட்டுப் போச்சு. மணி அஞ்சு ஆகுறப்போ பட்டியல் முழுக்கச் சரின்னு உமா பேனாவை மூடிட்டா.

தரையில ஒரு சீட்டு மட்டும் தொடாம கிடந்தது.

"இதை எந்த மில்லுக்காரரும் கேட்கலையேடி. தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ ஆயா, அது கீபோர்டுத் துண்டு. நாம தட்டுறதை மெஷினுக்குச் சொல்றதே அதுதான். அது இல்லாம எதுவுமே ஆரம்பிக்..."

பாதிப் பேச்சிலேயே தானா எழுந்து அந்தச் சீட்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டா.

"என் மெஷின்ல அது எப்பவும் இருக்கு, ஆயா. அதனால எழுதணும்னே தோணலை."

அதைக் கேட்டதும் எனக்கு நல்லம்பள்ளிக் கல்யாணம் ஞாபகம் வந்துடுச்சு. நீங்க போன ரெண்டாம் மாசம். ஆம்ப்ளிஃபயர், மைக், பேட்டரி, கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு, எண்ணி எண்ணித்தான் அனுப்பினேன். மரத்தில ஸ்பீக்கரைக் கட்டின பிறகு பார்த்தா ஒயர் இல்லை. உங்க காலத்தில ஒயர்ச் சுருள் எப்பவும் பழைய வண்டியிலேயே கிடக்கும்; அந்த வண்டியைத்தான் நான் வித்துட்டேனே. பொண்ணோட அப்பா நம்ம கடை வாசல்ல வந்து நின்னு, "என்னங்கம்மா, ஊமைக் கல்யாணம் பண்ண வெச்சுட்டீங்களே"ன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அவரு கட்டி வெச்ச மூட்டைங்க, அப்படியே அனுப்பினேன்"னு சொன்னேன். செத்தவர் மேல பழி போட்டா யாரு திரும்பக் கேட்கப் போறாங்க? பொண்ணோட அப்பாவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டார்.

அந்த மூட்டையைக் கட்டினது நான். நீங்க எழுதி வைக்காதது உங்க தப்பு, பொய் சொன்னது என் தப்பு. நல்லம்பள்ளிக்காரங்க கண்ணில படட்டும்னுதான் நாலு பேர் பார்க்க எழுதுறேன்.

உமா திரும்ப உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டுக்கு நேராவும் கீபோர்டுன்னு எழுதினா. இருபதாவது துண்டே அதுதாங்கிறதால பத்தொன்பது தடவை. "தலைப்பில ஒரு தடவை எழுதினாப் போதாதா?"ன்னு கேட்டேன். "மில்லுக்காரர் அவருக்கு வேணுங்கிற வரியை மட்டும்தான் படிப்பார், ஆயா"ன்னா. திங்கக்கிழமை முதல் பஸ்ஸில போனா.

போன வாரம் வந்தப்போ பெரியவர் என்ன சொன்னார்னு கேட்டேன். இப்ப ஒவ்வொரு பிளாப்பிக் கட்டோடவும் அந்தக் காகிதம் போகுதாம், இவ எழுதுற வேலையிலேயே இருக்கா. அந்தக் காகிதத்தில ஒண்ணு எனக்கும் கொண்டுவந்து கொடுத்தா. இங்கிலீசு, எனக்குப் படிக்க வராது. ஒரே மாதிரி வார்த்தை வரிக்கு வரி இருந்தது, விரல் வெச்சு எண்ணினேன். பத்தொன்பது.

நேத்து ஒரு நோட்டு வாங்கினேன். ஸ்பீக்கர்னு எழுதி, அதுக்கு நேரா ஒயர்னு எழுதினேன். அதுக்குள்ள கை வலிச்சுப் போச்சு. பெட்ரோமாக்ஸுக்கு என்னென்ன வேணும்னு மாதுவைக் கேட்டா, "அதான் எல்லாருக்கும் தெரியுமேங்க"ன்னான். அதையே முதல்ல சொல்லுடான்னேன்.

தினம் ஒரு சாமான்னு எழுதி முடிச்சுடுவேன். எனக்குப் பின்னால இந்தக் கடைக்கு யார் வந்தாலும், என் தலையைத் தேட வேண்டியிருக்காது. இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
நீங்க விட்டுட்டுப் போனதை ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருக்கிற உங்க வூட்டுக்காரி,
உமாவோட ஆயா.