இடவலம் மாறிய ஆஸ்பத்திரி

வியாழன், 3 ஏப்ரல் 1986

ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீசில் இரண்டு ஃபேன். ஓடுவது ஒன்று, அதுவும் உதவிப் பொறியாளர் ஏ.இ. தலைக்கு மேல். என் பேனா முனை மறுபடி அடைத்துக்கொண்டது. வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கட்டடப் பதிவேடு இன்று முதல் என் தலையில். நாங்கள் பராமரிக்கிற அரசுக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் வரவேண்டியவை:

– வரைபடம், கட்டி முடித்தபடி
– கதவு, ஜன்னல் எத்தனை
– தண்ணீர்க் குழாய், கரண்ட் ஒயர் எந்தச் சுவரில்
– கக்கூஸ் தொட்டி எங்கே
– கடைசியாக வெள்ளையடித்தது எப்போது

ஏ.இ.க்கு ஒரே குஷி. "அட்டையைப் பாத்தா போதும்மா. எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு இங்க உக்காந்தே சொல்லிடலாம். ஊருக்கே போக வேண்டாம்." நல்ல யோசனை. சத்தியமாக நல்ல யோசனை. ஊருக்குப் போகாமல் அந்த அட்டையை எப்படி எழுதுவது என்று கேட்டேன். பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதச் சொன்னார்.

பத்து வருஷ சர்வீஸ். வரைவாளர் என்று பெயர். ஒரு சைட்டுக்கும் என்னை அனுப்பியதில்லை. பொம்பளைக்கு வெயில் ஆகாதாம். வீட்டு விறகடுப்பு மட்டும் ஆகும்.

வெள்ளி, 4 ஏப்ரல்

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

ஒன்பது அட்டை முடிந்தது. முடிந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரைபடத்தில் ஆறு அறை, சாவிக் கொத்தில் எட்டு சாவி. இன்னொரு ஆபீசுக்கு மாடிப்படி வரைந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த பியூன் சிரிக்கிறார், மாடியே இல்லையாம். இதையெல்லாம் வரைந்த மகராசன் யாரோ, அவன் கையை உடைக்க வேண்டும்.

கடைசியாக க.பட்டி ஆஸ்பத்திரி. மொரப்பூர் தாண்டி. சின்னதுதான், ஒரு பிரசவ அறை, ஆறு கட்டில். ஆழ்குழாய்க் கிணறு போட ஆர்டர் வந்துவிட்டது. ஏ.இ. வரைபடப் பிரதியை விரித்தார். தொட்டி மேற்கே இருக்கிறது, அதனால் கிழக்கு மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. இரண்டு நிமிஷ வேலை. ஏ.இ.க்கு மேலே இருக்கிற இன்ஜினியர், எங்கள் பெரியவர், அவர் கையெழுத்து, சீல், எல்லாம் ஆயிற்று. துளை போடுகிற போர் லாரி 11ஆம் தேதி வருகிறது.

திங்கள், 7 ஏப்ரல்

க.பட்டி நர்ஸ் சரோஜா ஆபீசுக்கே வந்துவிட்டாள். லாரி நிஜமாக வருமா என்று கேட்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு இரண்டு குடம் தண்ணீரும் வர வேண்டுமாம், இல்லாவிட்டால் குழந்தையைக் கழுவ வழியில்லை. அதைச் சொல்லிக்கொண்டே என் மேஜையில் இருந்த பிரதியைப் பார்த்தாள்.

"இது எங்க ஆஸ்பத்திரி இல்லீங்களே. பிரசவ ரூம் இந்தக் கைப் பக்கம்ல இருக்குது?"

சிவப்புக் குறியைக் காட்டினேன். அங்கேதான் கக்கூஸ் தொட்டி, போன மழைக்குப் பொங்கி வழிந்தது என்றாள். ஏ.இ. உள்ளே இருந்தே, நர்ஸம்மாவுக்குப் பிளான் பார்க்கத் தெரியாது, தலைகீழாகப் பிடித்திருப்பார் என்றார். படியிறங்கும்போது என்னிடம் மட்டும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவாதுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வரும் வழியில் தக்காளி. கொள்ளை மலிவு. எல்லாம் கன்னிப்போனது.

செவ்வாய், 8 ஏப்ரல்

வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். பையில் அளவு டேப், பிரதி, தயிர்சாதம். க.பட்டிக்குப் போய் இறங்கும்போது மணி பத்தரை.

டேப்பின் ஒரு முனையைச் சரோஜா பிடித்தாள். அறை அறையாக அளந்தேன். அளவெல்லாம் அங்குலம் பிசகவில்லை. ஆனால் மொத்தக் கட்டடமும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி நிற்கிறது. காரணம் வாசலில் நின்றதுமே தெரிந்துவிட்டது. மாதிரி வரைபடத்தில் ரோடு ஒரு பக்கம், இந்த ஊரில் ரோடு மறுபக்கம். கட்டும்போது ஓவர்சியர் வாய்வார்த்தையாகத் திருப்பிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தை யாரும் திருப்பவில்லை.

சிவப்புக் குறி விழுகிற இடத்தில் போய் நின்றேன். சரோஜா கடப்பாறையால் பக்கத்து மண்ணைத் தட்டினாள். இரண்டடி தள்ளி, உள்ளே காலியாக இருப்பது போல் டொம்மென்று சத்தம். மண்ணுக்கடியில் தொட்டியின் மூடி. அதை ஒட்டித் துளை போட்டு, அந்தத் தண்ணீரைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள்.

புதன், 9 ஏப்ரல்

ஏ.இ.யிடம் சொன்னேன். முதலில், யாரைக் கேட்டுப் போனாய். அப்புறம், பெரியவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் தப்பாகாது. அப்புறம், பெரியவர் மெட்ராசில் இருக்கிறார், லாரியைத் திருப்பி அனுப்பினால் இனி ஒரு வருஷத்துக்கு வராது. கடைசியாக, "கட்டி முடித்தபடின்னு எழுதிக் குடுத்த ஆளு யாரு? கண்டுபிடிங்க. மெமோ குடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்."

எனக்கும் அதுதானே வேண்டும். பிரதியில் பெயர் வருகிற மூலை சரியாக விழவில்லை. பிரதி எடுக்கிற ஜப்பார் பாய் பீரோவைக் குடைந்து மூலத் துணி வரைபடத்தை எடுத்து வந்தார். கை முழுக்கப் பிரதி மருந்தின் அமோனியா வாடை. தூசியைத் தட்டி மேஜையில் விரித்தார்.

வலது கீழ் மூலை. வரைந்தவர்: வ. வாலை நீட்டிச் சுழித்த வ.

என் வ.

ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மார்ச் கடைசி. ஒரே மாதிரியில் பன்னிரண்டு ஆஸ்பத்திரி. போய்ப் பார்க்க வேண்டாமா என்று ஓவர்சியரைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, ஊர்ப் பேரை மட்டும் மாத்து" என்றார். மாற்றினேன். வெள்ளிக்கிழமை யார் கையை உடைக்க வேண்டும் என்று எழுதினேனோ அந்தக் கை இதோ பேனா பிடித்திருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

பாய் மூலையில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு, "உங்கள யாரு மேடம் போய்ப் பாக்க வுட்டாங்க?" என்றார். அது வாஸ்தவம். ஆனாலும் கை என்னுடையது.

வியாழன், 10 ஏப்ரல்

ஏ.இ. மூலையைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. தலைமை வரைவாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாம். இந்த நேரத்தில் தப்பு என்னுடையது என்று எழுதினால் பெயர் போய்விடுமாம்.

"யாரும்மா கேக்கப் போறாங்க? கொதிக்க வெச்சுக் குடிப்பாங்க. வுடுங்க."

சிநேகமாகத்தான் சொன்னார். நானும் ஒரு நிமிஷம் விடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். தலைமை வரைவாளர் என்றால் தனி மேஜை, ஜன்னலோரம். பத்து வருஷமாக அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்தரைக்கு வரைபலகையில் புதுத் தாளை மாட்டினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு முடிந்தது. தலைப்பு: கட்டி முடித்தபடி, நேரில் அளந்தது. அதன் கீழே, முந்தைய வரைபடம் இடத்தைப் பார்க்காமல் என்னால் வரையப்பட்டது, தவறானது. மூலையில் வ. போடவில்லை. வசந்தா என்று முழுப் பெயர்.

ஏ.இ. கையெழுத்துப் போட மறுத்தார். ஜப்பார் பாய் கேட்காமலே இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒன்றைத் தபாலில் பெரியவருக்குப் போட்டேன், ஒன்று என் பையில்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். மெமோ வரும் என்றார். வரட்டும் என்றேன். சரி, காலையில் இட்லி நான் ஊற்றுகிறேன் என்றார்.

வெள்ளி, 11 ஏப்ரல்

முதல் பஸ். லீவும் இல்லை, அனுமதியும் இல்லை.

லாரி எனக்கு முன்னால் வந்து சரியாகச் சிவப்புக் குறி இடத்தில் நின்றிருந்தது. டிரைவரே மேஸ்திரி. என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சீல் இல்லீங்களே மேடம். எனக்குச் சீல் வெச்ச பேப்பர்தான் பேசும்."

பேசிப் புண்ணியமில்லை. கடப்பாறை கேட்டேன். பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த இரண்டு பேர் மண்ணைத் தள்ளினார்கள், சரோஜா மூடியை நெம்பினாள். ஒரு சாண் நகர்ந்தது, போதும். மேஸ்திரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சீல் வைத்த பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உங்க தாள்ல எங்க சொல்லுங்க என்றார்.

மறுபக்கம், வேப்பமரத்துக்கு இப்பால். நாலு மணிக்குத் தண்ணீர். முதலில் சேறு, பிறகு கலங்கல். சரோஜா கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னாள். மண் வாசனைதான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஊக்கு குத்திய செருப்பு கடைசியில் அறுந்தேபோயிற்று.

செவ்வாய், 15 ஏப்ரல்

நேற்று வருஷப்பிறப்பு. வேப்பம்பூ ரசம், பாயசம். இன்று மேஜையில் மெமோ.

மூன்று தடவை படித்தேன். தப்பான வரைபடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டி, தண்ணீர் எதுவும் இல்லை. முன் அனுமதியின்றிப் பணியிடத்துக்குச் சென்றது ஏன், ஏழு நாளில் விளக்கம் தரவும். அவ்வளவே. சிரிப்பதா அழுவதா. பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

புதுப் பட்டியல் போர்டில் ஒட்டியிருக்கிறது. நான் அதில் இல்லை. ஜன்னலோர மேஜையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். வலிக்கிறது.

ஏழு நாள் எதற்கு. மத்தியானமே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நகல் இங்கே:

"அனுமதியின்றிச் சென்றது உண்மை. அனுமதி கிடைக்காமல், போய்ப் பார்க்காமல், இதே கையால் வரைந்த ஆஸ்பத்திரிகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. ஊர்களின் பெயர் பின்பக்கத்தில். பதினொன்றுக்கும் இப்போது முன் அனுமதி கேட்கிறேன்."