கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அலெக்சாண்டர்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் இருந்திருந்தால், "கடுதாசி எல்லாம் எதுக்குடா, நாளைக்கு வண்டியில பேசிக்கலாம்" என்று சொல்லியிருப்பீர்கள். போன வாரம் அந்த வண்டியில் பேசியது முழுக்க உங்களைப் பற்றித்தான். அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கே அனுப்புவது என்று தெரியாததால், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அக்கா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான். திருநீர்மலைக்குப் போனால் படி ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாள். கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஹாலில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் புதுக் காலண்டர் மாட்டியிருக்கிறது. மற்றதெல்லாம் நீங்கள் விட்டுப் போன மாதிரியே இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாளில் நம் பெட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் எட்டு மணி வண்டியில் நடுவில் ஒரு பெட்டி, தினமும் அதே ஆட்கள். அன்றைக்கு மட்டும் வாசல் கம்பியில் வாழைக்கன்று கட்டுவோம், காகிதத் தோரணம் தொங்கவிடுவோம், வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு மாலை போடுவோம். பொரியும் கடலையும் கைமாறிக்கொண்டே இருக்கும். "ஆயுதத்துக்குப் பூஜைன்னா, ஆயுதம் புடிச்சவனப் பத்திப் பேச வேண்டாமா?" என்று ஒரு வருஷம் நீங்கள்தான் கொளுத்திப் போட்டீர்கள். அன்றிலிருந்து நம் பெட்டியில் வருஷா வருஷம் பட்டிமன்றம். உலகத்திலேயே பெரிய படைத்தலைவன் யார்? ஒருவருக்கு ஒரு ஸ்டேஷன் நேரம். அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் சிக்னலுக்காக வண்டி நின்றால், அது பேசுகிறவனின் அதிர்ஷ்டம்.

நீங்கள் நெப்போலியன் கட்சி. நான் ராஜேந்திர சோழன் கட்சி. கடல் தாண்டிக் கடாரம் போனவனை விட்டுவிட்டு வேறு யாரைச் சொல்வது? தோல் வியாபாரம் செய்யும் காதர் பாய் சலாவுதீனுக்காகப் பேசுவார். அலெக்சாண்டர் பெயரை எவனாவது எடுத்தால் நீங்கள் விட மாட்டீர்கள். "பஞ்சாப் ஆத்தங்கரை வரைக்கும் வந்துட்டு, படை அழுதுச்சுன்னு திரும்பிப் போனவன்யா அவன். அவன் எல்லாம் ஒரு தளபதியா?" பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

சேகர் இந்தக் கதைகளைச் சாப்பிட்டு வளர்ந்தவன். உங்கள் ஒரே பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தபோது அக்கா மூன்று நாள் பேசவில்லை. நீங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தீர்கள். சென்ட்ரலில் வண்டி ஏற்றிவிட்டு, "புறமுதுகு காட்டாதடா" என்று சொல்லி அனுப்பினீர்கள். எதைச் சொல்கிறோம் என்று அன்றைக்கு நமக்கு யாருக்கும் தெரியாது. பிறகு அமைதிப்படையோடு அவனை இலங்கைக்கு அனுப்பினார்கள். தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நிற்கும் தமிழ்ப் பையன். அவன் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. அப்புறம் பல வாரங்களுக்கு ஒன்றுமே இல்லை.

அந்த வருஷம் பட்டிமன்றம் வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். நீங்கள் கேட்கவில்லை. கிண்டியில் உங்கள் முறை வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் நான் அலெக்சாண்டர் கட்சி" என்றீர்கள். யாரோ சிரித்தார்கள். வண்டி அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றது.

நீங்கள் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது அத்தான். "உலகத்தையே ஜெயிக்கணும்னு கெளம்பினவன். ஆத்துக்கு அந்தாண்ட இன்னும் நாடு இருக்கு. மழையில ஊறி, செருப்பு தேஞ்சு, கூட வந்தவன்லாம் வீட்டுக்குப் போகணும்னு நிக்கறான். இவன் கோவிச்சுக்கினு கூடாரத்துக்குள்ள போய்ப் படுத்துக்கறான், நம்ம வீட்டு மாப்பிள்ள மாதிரி. அப்புறம் வெளிய வந்து, சரி, போலாம்னான். ஜெயிச்ச சண்டை எல்லாம் எவன் வேணா சொல்லுவான். சரின்னு சொன்னான் பாரு, அதுக்குத்தான் என் ஓட்டு." ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். "அந்த மாதிரி சரின்னு சொல்ற ஒருத்தன் வேணும்யா இப்போ." வண்டி நகர்ந்து பாலத்தில் ஏறியது. காதர் பாய் உங்கள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அடுத்து என் முறை. உங்களுக்குத்தான் தெரியுமே, வாயை அடக்குவது எனக்குப் பழக்கமில்லை. திரும்பும் வழியில் அலெக்சாண்டர் தன் படையைப் பாலைவனத்து வழியாகக் கூட்டிப்போனான், தண்ணீர் இல்லாமல் ஏராளமானவர்கள் வழியிலேயே செத்தார்கள் என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சைதாப்பேட்டையில் எழுந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். "எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் நம்பினீர்களா?

அடுத்த பொங்கலைக்கூடப் பார்க்காமல் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு வலி என்று சொன்னவரை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கொண்டுபோக முடிந்தது. சேகருக்குத் தந்தி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது உங்கள் தம்பி மகன்.

சேகர் வந்துவிட்டான் அத்தான். படை திரும்பியபோது அவனும் முழு உடம்போடு திரும்பினான். அப்புறம் இரண்டு வருஷத்தில், அம்மா தனியாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்தை விட்டே வெளியே வந்தான். இப்போது பாரிமுனையில் ஒரு பேங்க்கில் காவல் வேலை. அதே எட்டு மணி வண்டிதான், ஆனால் நம் பெட்டியில் ஏறவே மாட்டான். உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். பாதியில் விட்டு வந்தவன் என்று நீங்கள் காறித் துப்பியிருப்பீர்கள் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அது போன வாரம் வரை எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதவனிடம் எதைத் தெரிந்துகொள்வது?

போன வாரம் நம் பெட்டிப் பூஜை அன்று, தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றவனைக் காதர் பாய் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினார். "இன்னா தம்பி, உங்கப்பா பெட்டி இது. வேற பெட்டியில போனா பொரி யாரு துன்றது?" புதிதாக வந்தவர்களிடம் நான் பெருமையாக, "என் அக்கா மகன், போருக்குப் போனவன்" என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் துருவினான். "அப்ப நீங்களே சொல்லுங்க சார், யாரு பெரிய தளபதி?"

"தெரியலப்பா. நாங்க எங்க தளபதியப் பாத்ததே இல்ல" என்றான் சேகர். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அப்பா இருந்தா என்னை இதுல ஏத்தியே இருக்க மாட்டாரு மாமா. திரும்பி வந்தவன ஏத்த மாட்டாரு" என்றான்.

நீங்கள் கடைசியாகப் பேசிய பேச்சை அப்படியே சொன்னேன். அலெக்சாண்டர், மழை, கூடாரம், சரி என்ற சொல், எல்லாம். நான் விட்டதைக் காதர் பாய் சொன்னார். "உன்னத்தான் நெனச்சுக்கினு சொன்னாரு தம்பி. எங்க எல்லாருக்கும் அது தெரியும்."

சேகர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்கள்லாம் வீடு போய்ச் சேந்தாங்களா மாமா?"

உங்களிடம் விழுங்கியதை அவனிடம் விழுங்க முடியவில்லை. "எல்லாரும் இல்லடா. வழியில நெறைய பேர் செத்துட்டாங்க."

"ம். நாங்களும் எல்லாரும் வரல" என்றான்.

அன்று சாயங்காலம் அக்கா பதறிக்கொண்டு என்னிடம் வந்தாள். "என்னடா சொன்ன அவன்கிட்ட? வந்தவன் சட்டையக்கூட மாத்தாம அவங்கப்பா படத்துக்கு முன்னால உக்காந்துட்டான். வந்துட்டேம்பா, வந்துட்டேம்பான்னு அழறான்டா." எனக்கும் அழுகை வந்தது. இதை நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அத்தான். இனி யாரிடமும் அவனைப் போருக்குப் போனவன் என்று சொல்ல மாட்டேன். என் அக்கா மகன், வீட்டுக்கு வந்துவிட்டான் என்றுதான் சொல்வேன்.

என்றும் உங்கள் எதிர்க்கட்சி,
சேகரின் தாய்மாமன்