பொடக்காணியில் தண்ணீர் நின்றது

என் பாசத்துக்குரிய அண்ணாவுக்கு,

நீங்கள் கட்டிய தொட்டியில் தண்ணீர் ஒழுகாமல் நின்றுவிட்டது. மீதியைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் செய்தியைப் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

காய்ச்சலில் உங்கள் மகள் மயிலாளின் இரண்டு கால்களும் விழுந்தபோது, தண்ணீருக்குள் பழக்கினால் பலம் வரலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். தோட்டத்துக் கிணற்றுப் படியில் அவளால் இறங்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியிலேயே அவளுக்கு நீச்சல் தொட்டி கட்டுவதென்று கடப்பாரையை எடுத்தீர்கள். ஆள் வைக்கச் சொன்னேன்.

"எம்புள்ளைக்கு நானே வெட்டிப்போடறேன். நீ பேப்பருக்கு எழுதற வேலயப் பாரு தம்பி."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று கேட்டார்: "ஏனுங்க, எரும முங்கறதுக்குங்களா, மீனு வளத்தறதுக்குங்களா?"

"எம்பொண்ணு நீந்தறதுக்குங்க. எடமிருந்தா நீங்களும் வந்து முங்கலாம்" என்றீர்கள்.

கல் அடுக்கி முடித்ததும் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்து நிரப்பினீர்கள். விடிந்தபோது தொட்டி காய்ந்து கிடந்தது. மறுபடி நிரப்பியும் அதே கதை. அண்ணிதான் கண்டுபிடித்தார்.

"கெணறு கட்டறாப்பலயே கட்டிப்போட்டீங்களே. ஊத்து உள்ள வாரதுக்குச் சந்து உட்டா, கொட்டுன தண்ணி நிக்குமுங்களா?"

வாழ்நாளெல்லாம் கிணறு கட்டிய கை, இங்கேயும் பூச்சில்லாமல் கல்லுக்குக் கல் சந்து விட்டே அடுக்கியிருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் கடைசியாகப் பார்த்த உங்கள் சிரிப்பு அது. சுண்ணாம்பு வந்து இறங்கிய வாரத்திலேயே மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

அந்தச் சுண்ணாம்பை மணலோடு அரைத்து நானே பூசினேன். கை வெந்துபோயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் இப்போது மின்சார மோட்டார் ஓடுகிறது. அன்றைக்குக் கேலி செய்தவரே தண்ணீர் விட்டு நிரப்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பார்த்தேன், தண்ணீர் இறங்கவில்லை.

மயிலாளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மெல்ல இறக்கினேன். அண்ணி கரையில் உட்கார்ந்து அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் தண்ணீரை அடித்தன. கால்கள், துவைக்கப் போட்ட துணி போல, போன பக்கம் போயின.

"நெனச்சுத் தூக்கு கண்ணு."

"நெனச்சுட்டேதானுங்க இருக்கறேன், சித்தப்பா. தண்ணிக்குள்ளயும் அதுக அப்படியேதான் இருக்குது."

மாதங்கள் போயின. நேற்று டாக்டர் கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பலம் வராது என்றார். எதிர்பார்த்தவர்கள்போல நாங்கள் தலையாட்டினோம். இதைக் கேட்க நீங்கள் இல்லாமல் போனது நல்லதா, அண்ணா?

"மண்ணப் போட்டு மூடிப்போடுங்க தம்பி. பாக்கப் பாக்க அவரு வெட்டற சத்தமே கேக்குது" என்கிறார் அண்ணி. மயிலாளைக் கேட்டேன்.

"மூட வேண்டாமுங்க சித்தப்பா. அதுக்குள்ள இருக்கறப்ப மட்டும் என்னைய யாரும் தூக்க வேண்டியதில்லீங்க."

இன்று காலையில் மண்வெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கால் வரும் என்று இனி அவளிடம் சொல்ல மாட்டேன். தொட்டியை மூடவும் மாட்டேன். என் தோளில் தெம்பு இருக்கும்வரை அவளைத் தண்ணீரில் இறக்கிவிடுவேன், கரையேற்றுவேன். அதற்கப்புறம் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கூடப்பிறந்தவன்,
மயிலாளின் சித்தப்பா