திரையில் ஒரு முள்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. கிழக்கேகோட்டையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் சேலைக் கரை நனைந்து, லேபின் ஏசியில் நாள் முழுக்கக் குளிர்.

முள் போகவில்லை. போர்டு மாற்றியாயிற்று. கேபிள் மாற்றியாயிற்று. கடிகாரத் துடிப்பு தரும் கருவியைப் பக்கத்துக் குழுவிடம் இரவல் வாங்கிப் பார்த்தாயிற்று. அளக்கும் கருவியின் திரை நடுவில் எங்கள் சிப் தரும் அலை, உயரமாக. அதன் தோளருகே அதே முள்.

வெள்ளிக்கிழமை சிப்பின் வரைபடம் ஆலைக்குப் போகவேண்டும். முதல் தடவை வார்த்து வந்ததைத்தான் இப்போது சோதிக்கிறோம். அடுத்தது கடைசி. சாமுவேல் எங்கள் குழுத் தலைவர், என்னைவிடச் சின்னவர், பாறசாலைக்காரர். இன்று சிரிக்கவே இல்லை. "முள்ளோட அனுப்பினா கஸ்டமர் தொடமாட்டான் மேடம். பொறவு இந்தக் குரூப்பே இருக்காதாக்கும்."

வாங்க: குடைக்கு ஒரு கம்பி, நல்லெண்ணெய், தீப்பெட்டி.

வீட்டில் நித்யா கேட்டாள், "அப்படி என்னதான் பண்ணறே அங்கே?"

"எண்ணை அலையா மாத்தற சிப். செல்போன் கோபுரத்துக்குள்ளே இருக்கும். அது தர அலையோட வேண்டாத குட்டி அலை ஒண்ணும் சேர்ந்து வரது. பக்கத்துச் சானல்ல பேசறவாளுக்கு அது இடைஞ்சல். டப்பா மூடியை அழுத்தி மூடு. ஈரக் குடையை மடக்காதே, விரிச்சு வை."

"ஒரு நிமிஷம் சும்மா இரேன்ம்மா. நீ சொல்லிண்டே இருந்தா, செய்யத் தெரிஞ்சதும் மறந்து போறது."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். சொல்லத்தான் செய்வாள். ஆனாலும் சுருக்கென்றது.

ஜூன் 3, செவ்வாய்

மழை, இடி. மத்தியானம் ஒரு மின்னல், கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டரும் அளக்கும் கருவிகளும் யூபிஎஸ்ஸில். சிப் இருக்கும் போர்டு மட்டும் சாதாரண லைனில். வரைபடம் போடும் பிந்து அப்போது போர்டின் பக்கத்தில் நின்றிருந்தாள். "ஐயோ சேச்சி, ஞான் ஒண்ணும் தொட்டில்ல கேட்டோ!" எதையும் தொடவே இல்லையாம்.

ஜெனரேட்டர் வந்தது. போர்டு தானாக எழுந்து அலையைத் தந்தது. சோதனை புரோகிராமை நான் இன்னும் ஓட்டவில்லை.

திரையில் முள் இல்லை.

தூரத்தில் வேறு சில முட்கள் வளர்ந்திருந்தன, அவை எதிர்பார்த்தவைதான். தோளருகே சுத்தம். புரோகிராமை ஓட்டினேன். முள் வந்து நின்றது. போர்டை அணைத்துப் போட்டேன். இல்லை. ஓட்டினேன். வந்தது.

புரோகிராமின் முதல் வரி: திருத்தும் பகுதியை இயக்கு. முதல் சிப் வந்த அன்று நான் எழுதியது. பிறகு யார் எந்தச் சோதனை எழுதினாலும் அதைப் பிரதி எடுத்துத்தான் தொடங்குவார்கள், விளக்கேற்றிவிட்டு வேலை தொடங்குவது மாதிரி. திருத்தும் பகுதி இல்லாமல் இந்தச் சிப்பை இந்த லேபில் ஒருவரும் அளந்ததில்லை. நானும்தான்.

திருத்தும் பகுதி என்னுடையது. முழுக்க என்னுடையது.

யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஷட்டர் போட்டிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

தூறல்.

காலையில் சாமுவேலிடம் சொல்லிவிட்டேன். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சிப்புக்குள் சின்னச் சின்ன மின்னோட்டக் கிளைகள். எண்ணுக்குத் தக்கபடி சில திறக்கும், சில மூடும். அவை சேர்ந்து அலை. எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், வார்ப்பில் அப்படி வராது; பிசகினால் தூரத்தில் முட்கள் வளரும். அதனால் என் பகுதி ஒவ்வொரு கிளையாக வெளியே எடுத்து, அதன் இடத்தில் மாற்றாள் ஒன்றை நிறுத்தி, அளந்து, திருத்தி, திரும்ப வைக்கும். பிறகு அடுத்தது. அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓயாமல். எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அதிர்வு. ஒரே சீராக அதிர்ந்தால் அதுவே ஒரு ஸ்வரம். அதுதான் முள்.

திருத்துவதுதான் தவறாகக் கேட்கிறது.

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வரிசையக் கலச்சுப் போட்டா?"

அதையும் பார்த்தோம். முறை வைக்காமல் எங்கெங்கோ எடுத்து வைக்கச் சொன்னோம். முள் கரைந்தது. ஆனால் அதிலிருந்த சக்தி எங்கும் பரவி, அடியில் இரைச்சல் மட்டம் ஏறியது. கஸ்டமர் கேட்ட அளவைத் தாண்டி.

"மேடத்துக்க பேப்பர் இதப்பத்தி தானே? பெங்களூர் கான்ஃபரன்ஸுக்கு?"

"ஆமா. அதேதான்."

"ஓடிட்டே திருத்தும்னு தலைப்பே வச்சிருக்கோம்."

'வச்சிருக்கோம்' என்றார். அதற்கு நன்றி.

இரண்டு வருஷம். அந்தப் பகுதியை வரைந்த சமயம் நித்யாவுக்கு மஞ்சள் காமாலை. கட்டிலருகே உட்கார்ந்து சிமுலேஷன் காகிதங்களைப் புரட்டியது ஞாபகம். நித்யாவின் அப்பா துபாயிலிருந்து போன் செய்தபோது அதைப் பற்றித்தான் அவரிடமும் பேசினேன். பெருமையாக.

எண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

ஜூன் 5, வியாழன்

வெயில் வந்து போனது.

மிச்சமிருக்கும் ஒரே வழி: சிப் எழும்போது எல்லாக் கிளைகளையும் ஒரு தடவை திருத்திவிட்டு, பகுதியை நிறுத்திவிடுவது. பயம் சூட்டில். கோபுரப் பெட்டிக்குள் வெயில் ஏறினால் திருத்தியது நிலைக்குமா? ஓயாமல் திருத்தவேண்டும் என்று நான் வாதாடியதே அந்தச் சூட்டுக்குப் பயந்துதான்.

வெப்பப் பெட்டி வேறு குழுவிடம். பிந்து தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தாள். "சிப்பினும் தல தோர்த்தாம் சேச்சி," என்றாள், சிப்புக்கும் தலை துவட்டிவிடலாமாம். குளிரில் திருத்தி, நிறுத்தி, பிறகு சூடு காட்டினோம். முகத்திலும் அனல். தூரத்து முட்கள் மெல்ல வளர்ந்தன. எல்லைக்கோட்டுக்குக் கீழே நின்றன. மாலையில் பெட்டி கிடைத்ததும் ஒழுங்காக மறுபடி. நின்றன. அதிக இடைவெளி இல்லை. போதும்.

இவ்வளவு சின்ன நகர்வுக்கா அவ்வளவு காவல்?

சாமுவேல் கையை நீட்டினார், குலுக்க. பிறகு என்ன நினைத்தாரோ, "சாயா குடிக்கலாம் மேடம்," என்று முன்னால் நடந்தார்.

பெங்களூர் பேப்பர்: திரும்ப வாங்கவில்லை. முள் தெரியும் படத்தையும் சேர்த்துத் திருத்தி அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். தலைப்பும் மாறும். ஏற்பார்களோ என்னவோ.

வீட்டில் நித்யா நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் டப்பாவையும் பாதி மூடி வைத்தாள். அருகே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, ஜுரமா?"

ஜூன் 6, வெள்ளி

மறுபடியும் மழை. நல்லெண்ணெய் வாங்கியாயிற்று.

வரைபடம் இன்று போகிறது. பிந்துவின் திரைமுன் கடைசியாக உட்கார்ந்தோம். மாற்றம் ஒரே ஒரு கம்பி; எழுந்ததும் ஒரு சுற்று திருத்தியபின் பகுதிக்குத் துடிப்பு போகாது. அதற்கு அளந்து திருத்தும் பாதி போதும்; ஓடும்போது சுற்றி எடுத்து வைக்கும் பாதி இனி எப்போதும் தேவையில்லை என்றால் அழித்துவிடலாமே என்றேன்.

"அது எடுத்தா பக்கத்துள்ளது எல்லாம் நகரும் சேச்சி. பின்ன எல்லாம் ஆத்யம் முதல் செக் பண்ணணும். இன்னிக்கு நடக்காது. அங்ஙனே கிடக்கட்டே."

ஆக, அது சிப்பில் இருக்கும். ஒவ்வொரு சிப்பிலும். ஒரு வேலையும் இல்லாமல்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். அவரவர் செய்த பகுதியின் ஓரத்தில் பெயரின் முதலெழுத்துகளை உலோகத்தில் பொறித்து வைப்போம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். என்னுடையது அந்த ஓடாத பாதியின் பக்கத்தில்.

பிந்து மவுஸை நகர்த்தி அங்கே கொண்டுபோனாள். குரலைத் தாழ்த்தி, "இத இந்தப் பக்கம் மாத்தட்டா சேச்சி? ஓடுற பாதிக்கு? ரண்டும் சேச்சியோடதல்லே. செக் ஒண்ணும் வேண்டா. ஆரும் அறியில்ல."

சாமுவேல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். அனுப்பிவிட்டாள்.