எடை மெஷின் டிக்கெட்டுகள்

4-7-1966, திங்கள்
விடாத மழை. தண்டவாளத்தில் தண்ணீர், ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி லேட். பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் மூன்று டைப் அடித்தேன். இரண்டில் அதே வரி: இதயத்தைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு, ஒரு விரல் கனம், இதயம் பெருத்துத் தளர்ந்திருக்கிறது. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இன்று கை நின்றுவிட்டது. வீட்டில் அத்திம்பேருக்கும் பெரிய தொப்பை, கால் வீக்கம், நாலு படி ஏறினால் இரைப்பு. அக்கா புருஷன்; எட்டு வருஷமாக என்னையும் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்.
வாங்க: ரிப்பன், அக்காவுக்கு நல்லெண்ணெய்.

7-7, வியாழன்
பரிசோதனை செய்யும் ப்ரொபசரிடம் கேட்டே விட்டேன். அந்தக் கொழுப்பை வழித்து எடுக்க முடியாதா? சிரிக்கவில்லை மனுஷர். உயிரோடு இருப்பவனிடம் அதைப் பார்க்கவே வழியில்லையாம். கொழுப்புதான் இதயத்தைக் கெடுக்கிறதா என்பதும் நிச்சயமில்லையாம். இரண்டும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். உப்பைக் குறை, நீர் இறங்க ஊசி போடு, எடையைக் கவனி என்றார். திடீரென்று ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.
குடை பஸ்ஸில் போயிற்று.

12-7, செவ்வாய்
தெருமுனை டாக்டர் இரண்டு ஊசி போட்டாயிற்று. அத்திம்பேருக்குக் கக்கூஸுக்கும் நாற்காலிக்குமாக நடை. மாதுங்கா ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு ஏறி நின்றார். 78 கிலோ இருந்தவர் 73. நிற்காமல் மாடி ஏறினார்! எனக்குத் தலைகால் புரியவில்லை.
அக்கா எடை டிக்கெட்டைப் பார்த்து ஒரே அழுகை. "கன்னம் ஒட்டிப் போச்சேடி. ஊசியா அது? ஆளையே உருக்கறது."
"அது நீர்க்கா. இறங்கினாத்தான் நல்லது."
"நீ டைப் அடிக்கறவ. டாக்டராட்டம் பேசாதே."
இனி ஊசி கிடையாது என்றுவிட்டாள். பழைய எடை திரும்பினால் பிள்ளையாருக்குப் பதினோரு சிதறுகாய் என்று வேண்டுதல் வேறு. ராத்திரி வற்றல் குழம்பு, அப்பளம். உப்பு, உப்பு என்று கத்திப் பார்த்தேன். அத்திம்பேர் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

15-7, வெள்ளி
புது ரிப்பன் மட்டம், மை அப்புகிறது. பக்கத்து வீட்டு மாமி: "மாமா முகம் பூரிச்சிருக்கே, தேறிட்டார்." அக்காவுக்கு வாயெல்லாம் பல். கண் இரப்பை இரண்டும் வீங்கியிருப்பது எனக்கு மட்டுமா தெரிகிறது?

17-7, ஞாயிறு
காலையில் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். வழியில் மூன்று இடத்தில் நின்றார். காசு போட்டோம். 79.
"அத்திம்பேர், இப்படியே டாக்டர்கிட்ட போயிடலாம்."
"ஞாயித்துக்கிழமை, பூட்டியிருப்பான். நாளைக்குப் போலாம். அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே. ரெண்டு நாளாத்தான் சிரிக்கறா."
"அது நீர்னு உங்களுக்குத் தெரியுமில்லையா?"
"தெரியும்மா."
நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இரைத்தார்.
அக்கா டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவாமி படத்துக்கு அடியில் வைத்தாள். சாயங்காலம் பதினோரு காய் உடைத்து, ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தாள். அத்திம்பேருக்கு முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை. படுக்க முடியவில்லை.
"பிரசாதம். எடுத்துக்கோ. உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே," என்று என் கையில் தேங்காய்த் துண்டை வைத்தாள். அவருக்கும் ஒன்று. அவர் ஒரு கடி கடித்தார், சவைக்க மூச்சு போதவில்லை. முழுசும் தின்கிறாரா என்று அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் மாறுவதற்குள் மிச்சத்தை வாங்கி நான் தின்றேன்.